பூட்டு வாங்குவதா, ஆளைப் பார்த்து எடுப்பதா?

வயது வந்தவர்களுக்கு வகுப்பு நடத்தும் சின்ன அமைப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சின்ன வயதிலேயே படிப்பை விட்டவர்கள். மீதிப் பேரில் பக்கவாதம் வந்து மறுபடி எழுதப் பழகுகிறவர்கள் உண்டு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் உண்டு, பட்டது போதும் என்று வீட்டை விட்டு வெளியே வந்து புதிதாகத் தொடங்கும் பெண்கள் உண்டு, பேரன் வாங்கிக் கொடுத்த போனைத் தொடவே பயப்படும் எழுபது வயதுக்காரர்களும் உண்டு. இவர்களுடைய பாதுகாப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கினோம். ஒதுக்கிய பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது.

ஒரு தரப்பு சொன்னது: எல்லாக் கம்ப்யூட்டரிலும் தடுப்பு மென்பொருள் போடலாம், யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று பதிவு வைக்கலாம், வாட்ஸ்அப்பை மூடிவிட்டு நல்ல கற்றல் தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டலாம். இன்னொரு தரப்பு சொன்னது: அந்தப் பணத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவரை வைத்து, ஆசிரியர்களையும் தன்னார்வலர்களையும் எடுக்கிற முறையைச் சரி செய்யலாம். இரண்டுக்கும் பணம் கிடையாது. மூன்று கூட்டம் போட்டுப் பேசினோம். இதே மாதிரி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நீங்களும் இருந்தால் எங்கள் யோசனை கொஞ்சம் உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் முடியும் என்றால் ஆள் எடுக்கிற பக்கம்தான் பணம் போக வேண்டும். இணையப் பக்கம் செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்குக் காசே வேண்டாம், ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆனால் இந்த முடிவுக்கு நான் உடனே வரவில்லை. முதல் கூட்டத்தில் மென்பொருள் பக்கம்தான் கை தூக்கினேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்' என்று யாரைச் சொல்கிறோம்? எங்கள் முதல் வரைவில் பெயர்ப் பட்டியலே போட்டுவிட்டார்கள், இன்னார் இன்னார் என்று. அது தப்பு. மூன்று மாதம் முன்பு கணவரை இழந்த பட்டதாரி ஒருவர், அறிவுசார் குறைபாடு இருந்தாலும் அண்ணன் தங்கையோடு நிம்மதியாக இருக்கும் ஒருவர், இந்த இரண்டு பேரில் இணையத்தில் அன்பாகப் பேசிப் பணம் பிடுங்குகிறவனிடம் இன்றைக்கு யார் சீக்கிரம் மாட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். நிலைமைதான் ஒருவரைப் பலவீனமாக்குகிறது, அது மாறிக்கொண்டும் இருக்கும்.

இன்னொன்று, இவர்கள் குழந்தைகள் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு எழுதின விதிகளை எடுத்து 'மாணவர்' என்ற இடத்தில் 'கற்பவர்' என்று மாற்றிப் போடுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது, நாங்களும் அதைத்தான் செய்தோம். வயது வந்தவருக்கு முகநூல் கணக்கு இருக்கும், காதல் இருக்கும், சொந்தப் பணம் இருக்கும், முட்டாள்தனமான முடிவெடுக்கும் உரிமையும் இருக்கும். 2006-ல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 16-வது பிரிவு சுரண்டலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காக்கச் சொல்கிறது. அதற்கு நாலு பிரிவு முன்னால், 12-வது பிரிவு, சட்டத்தின் முன் மற்றவர்களுக்குச் சமமாகத் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கும் தகுதி உண்டு என்கிறது. இரண்டும் ஒரே காகிதத்தில்தான் இருக்கின்றன. 1972-லேயே ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர், ஆபத்தைச் சந்திக்க விடுவதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது, அளவு மீறிப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பது மனிதரைச் சிறுமைப்படுத்தும் என்று எழுதினார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார். அதனால் ஒவ்வொரு யோசனை வரும்போதும் ஒரு கேள்வி கேட்டோம்: இதை எனக்குச் செய்தால் நான் பொறுத்துக்கொள்வேனா?

தடுப்பு மென்பொருள் அந்தக் கேள்வியில்தான் முதலில் தடுக்கி விழுந்தது. வன்முறை, உடல், பாலியல் போன்ற சொற்களைப் பார்த்துத் தடுக்கும் மென்பொருள், வீட்டில் அடி வாங்குகிற பெண் உதவி தேடும் பக்கத்தையும் சேர்த்துத் தடுத்துவிடக்கூடும். கண்காணிப்புப் பதிவும் அப்படித்தான். எந்நேரமும் போனைப் பிடுங்கிப் பார்த்த கணவரிடமிருந்து தப்பி வந்த ஒருவரிடம், 'உங்கள் நல்லதுக்குத்தான் நாங்கள் பார்க்கிறோம்' என்று சொன்னால் அவர் அதை எந்தக் காதால் கேட்பார்? அந்தக் கணவரும் இதே வார்த்தையைத்தானே சொல்லியிருப்பார்.

இதைவிடப் பெரிய விஷயம், மென்பொருள் வேலை செய்வது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும். ஆபத்து வருவது ராத்திரி பத்து மணிக்கு, அவர்கள் வீட்டில், அவர்கள் போனில். வகுப்பறையில் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் திருடனிடம் பையைக் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

இதற்கு மாற்று, சொல்லிக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் எங்களிடம் இருந்தார். வண்டி ஓட்டுகிறவர். படிக்க வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தார், நோட்டீஸ், பொட்டலம் கட்டின காகிதம், போனில் வருகிற ஒவ்வொரு குறுஞ்செய்தியும். ஒரு நாள் போனை நீட்டி, 'சார், பார்சல் நின்னுபோச்சாம், இதை அழுத்தணுமாம்' என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. யார் உதவியும் இல்லாமல் தானே படித்துவிட்டார். அவர் எந்தப் பார்சலும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அத்தனை வருடம் எட்டாத எழுத்து இப்போது அவரிடம் நேராகப் பேசுகிறது, அது பொய் சொல்லும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எழுத்தை நம்பக் கற்றுக்கொடுத்த அதே வாரத்தில் எழுத்தைச் சந்தேகப்படவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்த மென்பொருளும் இதைச் செய்யாது. அவருடைய போனை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்த மெசேஜை இரண்டு பேரும் சேர்ந்து படித்து, 'இதை அனுப்பினவன் யாரு, எதுக்கு அவசரப்படுத்துறான்' என்று பேசுகிற ஆசிரியர்தான் செய்ய முடியும். அப்படி ஒருவர் கையில் போனைக் கொடுக்கலாம் என்றால், அந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர்? இங்கேதான் நான் கட்சி மாறத் தொடங்கினேன்.

அடுத்த சண்டை வாட்ஸ்அப். குழுவா, கற்றல் தளமா, இல்லை அமைப்பின் பொது எண்ணிலிருந்து தனித்தனியாகச் செய்தி அனுப்புவதா?

வாட்ஸ்அப் குழுவின் பலம் எல்லாருக்கும் தெரியும், ஏற்கெனவே போனில் இருக்கிறது, குரலில் பதில் போடலாம், எழுத வராதவர்களுக்கு அது வரப்பிரசாதம். பலவீனம், குழுவில் சேர்ந்தவுடன் ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. முப்பது பேர் வகுப்பில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், முன்னாள் கணவரின் தம்பிக்குப் போய்ச் சேர. அதுபோக, குழுவில் பார்த்த எண்ணுக்குத் தனியாக 'குட் மார்னிங்' அனுப்புவதில் ஆரம்பிக்கிற கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

கற்றல் தளத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. எண் தெரியாது, ஆசிரியர் என்ன எழுதினார் என்று நிர்வாகியால் பார்க்க முடியும். ஆனால் அதற்குள் நுழைய மின்னஞ்சல் வேண்டும், கடவுச்சொல் வேண்டும், அது மறந்துபோனால் மீட்கத் தெரிய வேண்டும். நாங்கள் ஒரு மாதம் சோதனைக்கு வைத்துப் பார்த்தோம். கடவுச்சொல்லை மறந்தவர்களெல்லாம் பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்து 'நீயே போட்டுக் கொடு' என்றார்கள், அவரும் போட்டுக் கொடுத்து, மறக்காமல் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்துவிட்டார். பாதுகாப்பான தளம், ஒரே சாவி. கடைசியில் யாரும் தளத்துக்குள் போகவில்லை, கற்பவர்களே எங்களுக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். அதில் எங்களில் ஒருவர்கூட இல்லை.

பொது எண், இது நடுவழி. அமைப்பின் பெயரில் ஒரு போன், ஒரு எண், எல்லாச் செய்தியும் அதிலிருந்துதான் போகும், அதற்குத்தான் வரும். பெயர்களைச் சேமித்து, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் போட்டால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது (கற்பவரும் அந்தப் பொது எண்ணைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும், இது தெரியாமல் முதல் வாரம் பாதிப் பேருக்குப் போகவேயில்லை). ஒரு போனை மூன்று பேர் மாறி மாறிப் பார்ப்பதால் யாரும் யாரோடும் ரகசியமாகப் பேச முடியாது. அலுப்பான வழிதான். வகுப்பின் கலகலப்பு அதில் வராது, ஒருவர் போட்ட கோலத்துக்கோ கவிதைக்கோ மற்றவர்கள் கை தட்ட முடியாது. ஆனாலும் நாங்கள் எடுத்தது இதைத்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை, நடுவில் யாராலும் படிக்க முடியாது. வெளியாளிடமிருந்து காக்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் ஆசிரியரே தன் சொந்த எண்ணிலிருந்து ஒரு கற்பவரோடு பேச ஆரம்பித்தால், அதே மறையாக்கம் அவரையும் காக்கிறது. அமைப்புக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எந்தச் செயலி என்பதைவிட யாருடைய எண் என்பதுதான் கேள்வி.

காசில்லாத வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் 2019-லிருந்தே, யார் நம்மைக் குழுவில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது, 2023-லிருந்து தெரியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காமல் செய்யவும் முடிகிறது. இரண்டையும் ஒவ்வொருவர் போனிலும் அவர்களையே செய்ய வையுங்கள். ஜூமில் வகுப்பு எடுத்தால் காத்திருப்பு அறை, கடவுக்குறியீடு இரண்டும் இருக்கட்டும். 2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது முன்பின் தெரியாதவர்கள் வகுப்புகளுக்குள் புகுந்து ஆபாசப் படம் காட்டியதும், அந்த ஏப்ரலில் ஜூம் அந்த அறையையும் குறியீட்டையும் தானாகவே இயங்கும்படி மாற்றியதும் நினைவிருக்கும். சிலர் 'தாத்தாக்களுக்குக் கஷ்டமா இருக்கு' என்று அதை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள், தாத்தாக்கள் பழகிவிடுவார்கள். திரையைப் பகிரும் அனுமதி ஆசிரியருக்கு மட்டும். பொதுக் கம்ப்யூட்டரில் உலாவி கடவுச்சொல்லைச் சேமிக்காதபடி வையுங்கள். ஓடிபியை ஆசிரியர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை ஆசிரியரே வகுப்பில் சொல்லட்டும், அவர் வாயால் வந்தால்தான் மனதில் நிற்கும்.

அப்புறம் போட்டோ. இதை நாங்களே செய்துகொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆண்டு விழாப் படங்களை அமைப்பின் பக்கத்தில் போட்டோம், சிரித்த முகங்கள், பின்னால் பலகையில் வகுப்பு நேரம், அதற்குக் கீழே முகவரி. ஒளிந்து வாழ்கிற ஒரு பெண் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த வாசலில் இருப்பார் என்பதை, அவரைத் தேடுகிறவருக்கு நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அந்தப் பெண்தான் வந்து சொன்னார், கோபப்படாமல், மெதுவாக. அன்றே எடுத்தோம். இப்போது முகம் தெரியும் படம் போடுவதில்லை, ஒப்புதல் கொடுத்தவர்களுடையதையும்கூட.

சரி, ஆள் எடுப்பதற்கு வருவோம். இங்கேயும் தேர்வு செய்ய வேண்டியிருந்தது, காவல்துறைச் சரிபார்ப்பை நம்பி இருப்பதா, பழைய இடத்தில் விசாரிப்பதா, நேர்காணலை மாற்றுவதா, சேர்ந்த பிறகு கூடவே இருந்து பார்ப்பதா.

காவல்துறைச் சான்றிதழ் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது என்ன சொல்கிறது? இன்னார் இதுவரை மாட்டவில்லை என்கிறது, அதுவும் தாளில் போட்ட தேதி வரைக்கும். இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கட்டடக் காப்பாளன். அதற்கு முன் வேறொரு காவல் எல்லையில் வாழ்ந்தபோது அவன் மேல் பாலியல் புகார்கள் பல வந்திருந்தன, எதிலும் தண்டனை இல்லை. அவனுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருந்தன, காவல்துறைப் பதிவில் தேடியது ஒன்றை மட்டும். 2004-ல் சர் மைக்கேல் பிச்சர்ட் கொடுத்த விசாரணை அறிக்கை காவல்துறை பதிவு வைத்த விதத்தையும், பள்ளி ஆளை எடுத்த விதத்தையும் குறை சொன்னது. அதிலிருந்துதான் குழந்தைகளோடு பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களையும் சேர்த்து 2006-ல் அங்கே தனிச் சட்டம் வந்தது, 2012-ல் சரிபார்ப்பையும், இப்படிப்பட்ட வேலைக்கு எடுக்கக்கூடாதவர்களின் தடைப் பட்டியலையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். நமக்கு இதில் உடனே எடுத்துக்கொள்ள இருப்பது ஒன்று: விண்ணப்பத்தில் 'இதற்கு முன் வேறு பெயரில் இருந்ததுண்டா, எந்தெந்த ஊரில் இருந்தீர்கள்' என்று கேளுங்கள். கேட்க ஒரு வரிதான் ஆகும்.

பழைய இடத்தில் விசாரிப்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது சடங்காகத்தான் நடக்கிறது. 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று தொடங்கும் கடிதத்தை விண்ணப்பித்தவரே கொண்டுவருவார், நாம் கோப்பில் வைப்போம். அந்தக் கடிதத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. நீங்களே எழுதிக் கேட்க வேண்டும், நீங்களே போன் செய்ய வேண்டும், அவர் கொடுத்த செல்போன் எண்ணுக்குச் செய்யாமல் அந்த நிறுவனத்தின் பொது எண்ணைத் தேடி எடுத்து, 'இவரோடு வேலை பார்த்த மேலாளரிடம் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும்.

கணிப்பொறி சொல்லித்தர ஒருவர் வந்தார். நல்ல பேச்சு, பொறுமை, சான்றிதழ் சுத்தம். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்த அம்மா நல்லவிதமாகவே பேசினார், நேரத்துக்கு வருவார், பாடம் நன்றாக எடுப்பார் என்று. கடைசியாக, 'மறுபடி உங்களிடம் வேலை கேட்டு வந்தால் எடுப்பீர்களா?' என்றேன். பதில் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று 'ஹலோ' என்றேன். 'இல்லை, இருக்கேன்' என்றார். அப்புறம், 'பெண்கள் வகுப்புக்குக் கொடுக்க மாட்டேன்' என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, நானும் தோண்டவில்லை. புகாரும் இல்லை, வழக்கும் இல்லை, எந்தத் தாளிலும் இது வரப்போவதில்லை. எடுக்கவில்லை. நியாயமா என்று இன்னும் சில நேரம் யோசிப்பேன், ஒரு மௌனத்தை வைத்து ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று. ஆனால் நான் தப்பாக இருந்தால் அவருக்கு இன்னொரு வேலை கிடைக்கும், அவர் தப்பாக இருந்தால் எங்களை நம்பி வந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இருபது வருடம் முன்பு சில்லறைத் திருட்டில் தண்டனை பெற்றவர் ஒருவர் விண்ணப்பித்தார், தானே எழுதிச் சொல்லியிருந்தார். குழுவில் இரண்டு பேர் அந்த இடத்திலேயே நிராகரிக்கச் சொன்னார்கள். என்ன குற்றம், எவ்வளவு காலம் ஆனது, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், மறைத்தாரா சொன்னாரா, இதையெல்லாம் பார்க்காமல் ஒரு வரியைப் பார்த்துத் தள்ளுவது சோம்பேறித்தனம். குடியிலிருந்து மீண்டு வந்து படிக்கிறவர்களுக்கு இன்று மிக நெருக்கமான ஆசிரியர் அவர்தான். பணப்பெட்டிச் சாவி மட்டும் கொடுக்கவில்லை, அதை அவரிடமே சொல்லிவிட்டோம், சிரித்தார்.

நேர்காணலில் நாங்கள் மாற்றியது ஒரே ஒரு கேள்வி. 'கற்பவர் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடித்து, தூக்கம் வரலை, பேசணும் போல இருக்கு என்று மெசேஜ் போடுகிறார். என்ன செய்வீர்கள்?' ஒருவர் சொன்னார், 'பாவம், பேசுவேன், எல்லாருக்கும் அண்ணன் மாதிரிதான் இருப்பேன்.' இன்னொருவர் கொஞ்ச நேரம் யோசித்து, 'அந்த நேரத்தில் தனியாகப் பேச மாட்டேன், ஆனா அப்படியே விட்டுடவும் மனசு வராது, அந்த நேரத்துக்கு யாரைக் கூப்பிடலாம்னு உங்ககிட்ட ஏதாவது ஏற்பாடு இருக்கா?' என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். எங்களிடம் இல்லை. அவரை எடுத்தோம். முதலாமவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 'எனக்கு விதி தேவையில்லை, நான் அண்ணன்' என்கிற மனசு பயிற்சி கொடுத்தும் மாறாவிட்டால் ஆபத்து.

விண்ணப்பித்தவரை இணையத்தில் தேடிப் பார்க்கலாமா? இங்கிலாந்தில் பள்ளி, கல்லூரிகளுக்கான அரசு வழிகாட்டுதல் 2022 முதல், குறும்பட்டியலில் வந்தவர்களை அப்படித் தேடுவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எனக்கு இதில் அரை மனசுதான். தேடினால் அவருடைய மதம், கட்சி, விவாகரத்து, எல்லாம் கண்ணில் படும், பட்ட பிறகு படாத மாதிரி இருக்க முடியாது. நாங்கள் வைத்த வழி: நேர்காணலில் உட்காராத ஒருவர் தேடட்டும், பொதுவில் இருப்பதை மட்டும், வேலைக்குச் சம்பந்தமானது இருந்தால் மட்டும் சொல்லட்டும், தேடுவோம் என்பதை முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்குச் சொல்லிவிட வேண்டும். முழு வேலைக்கு மட்டும் இதைச் செய்கிறோம்.

தன்னார்வலர்கள் விஷயத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இலவசமாக வருகிறவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்பதா என்ற கூச்சம். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன் மாதம் ஒருமுறை வருவான், எல்லாக் கணக்கின் நிர்வாகக் கடவுச்சொல்லும் அவனிடம் இருந்தது, கற்பவர்களின் முகவரிப் பட்டியல் உட்பட. அவனுடைய முழுப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. நல்ல பையன்தான், ஆனால் அது எங்கள் அதிர்ஷ்டம். அதே மாதிரி, இணையத்தில் மட்டும் வகுப்பு எடுக்கும் ஆசிரியர், நேரில் பார்த்ததே இல்லை. அடையாள அட்டையை வீடியோவில் முகத்தோடு பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. நாங்கள் எல்லாருக்கும் ஒரே படிவம் என்று வைத்துவிட்டோம், குழுவில் இருக்கிற எங்களுக்கும் சேர்த்து, அதனால் யாருக்கும் முகம் சுளிக்க வழியில்லை.

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் எடுத்தவுடன் முடிந்துவிடாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 2011-ல் பிபிசி ரகசியமாகப் படம் பிடித்துக் காட்டியபோதுதான் அங்கே ஊழியர்கள் நோயாளிகளை அடித்துத் துன்புறுத்துவது ஊருக்குத் தெரிந்தது. 2012-ல் பதினொரு பேருக்குத் தண்டனை கிடைத்தது. இதில் என்னை உறுத்துவது, அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் அதற்கு முன்பே நிர்வாகத்திடமும் அரசின் மேற்பார்வை அமைப்பிடமும் புகார் கொடுத்திருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் ஆறு மாதத் தகுதிகாண் காலம், முதல் மாதம் தனியாக வகுப்பு கிடையாது, எப்போதும் கதவு திறந்திருக்கும் என்பதோடு, சக ஊழியர் மேல் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, அந்த யாரோ மேலேயே சந்தேகம் வந்தால் வெளியே யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர்கள் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கற்பவர்களுக்கும் புரிகிற எழுத்தில், படிக்க வராதவர்களுக்காகப் படத்தோடு.

மூன்றாவது கூட்டத்தில் முடிவானது இதுதான். பணம் ஆள் எடுக்கும் வேலைக்கு, வாரம் இரண்டு நாள், ஓய்வுபெற்ற ஒரு பள்ளி எழுத்தர் அதைப் பார்க்கிறார், போன் செய்து விசாரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மென்பொருள் வேண்டாம், கம்ப்யூட்டரோடு வந்த இலவசத் தடுப்பில் ஏமாற்றுத் தளங்களைத் தடுப்பதை மட்டும் போட்டிருக்கிறோம். கற்றல் தளத்தை இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்ப்பது. உங்கள் இடத்தில் முழுக்க இளைஞர்கள், எல்லாருக்கும் மின்னஞ்சல் பழக்கம் என்றால் தளத்தை இப்போதே எடுங்கள், எங்கள் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. உங்களிடம் முப்பது பேருக்கு மேல் ஆசிரியர்கள் இருந்து, அவர்களை வருடக்கணக்காக யாரும் சரிபார்க்கவில்லை என்றால் புதிதாக எடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் இருப்பவர்களின் கோப்பைத் திறங்கள்.

நேர்காணலில் அந்த ஆசிரியர் எங்களைத் திருப்பிக் கேட்ட கேள்விக்கும் ஏதோ ஒரு பதில் செய்திருக்கிறோம். பொது எண் போனை ராத்திரி ஒன்பது மணி வரை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போவார், வாரம் ஒருவர். ஒன்பதுக்கு மேல் செய்தி வந்தால் தானாக ஒரு குரல் பதில் போகும், காலையில் கூப்பிடுகிறோம், அதுவரை தாங்க முடியாவிட்டால் இந்த உதவி எண்ணுக்குப் பேசுங்கள் என்று. அந்தக் குரல் அந்த ஆசிரியருடையதுதான். போன் இருக்கிற பையில் ஒரு நோட்டும் உண்டு, யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள், நாம் என்ன செய்தோம் என்று எழுதி வைக்க. சில வாரம் ஒரு வரிகூட இருக்காது. போன வாரம் நாலு பக்கம்.